சூடானால் தடை கூடுமா, குறையுமா? கோயில் திருவிழாவில் உருகிய கேபிள் ரீலும் சில அளவுகளும்

லயத்து வயர்மேன் (பாடாங் செராய்), ஞாயிறு இரவு

வணக்கம். மலேசியாவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அன்னதானக் கூடாரத்தில் தேநீருக்காக 2500 வாட் தண்ணீர் பாய்லர் ஒன்றை வைத்தோம். கோயில் பிளக்கில் இருந்து கூடாரம் பத்து மீட்டர்கூட இருக்காது. கையில் இருந்ததோ 50 மீட்டர் கேபிள் ரீல். பத்து மீட்டரை இழுத்துவிட்டு மிச்சத்தை ரீலிலேயே விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால் ரீலில் கை வைக்க முடியவில்லை. வெளிச்சுற்றுகள் சும்மா வெதுவெதுப்பாக இருந்தன, உள்சுற்றுகள் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரேக்கர் விழவில்லை, பியூஸும் போகவில்லை. பாய்லர் 11 ஆம்பியர், பியூஸ் 13 ஆம்பியர், அது ஏன் போகப் போகிறது?

தவறு என்னுடையது. இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன், ரீலை முழுக்க விரித்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஓடியாடிய இடம் அது. அன்றிலிருந்து மனது சரியில்லை.

கேள்விக்கு வருகிறேன். உலோகம் சூடானால் தடை கூடும் என்று படித்திருக்கிறோம். தடை கூடினால் மின்னோட்டம் குறைய வேண்டும், மின்னோட்டம் குறைந்தால் சூடும் தணிய வேண்டும். அப்படியானால் கம்பி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே, ஏன் காப்பாற்றவில்லை?

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது இடைநிலைப்பள்ளியில் படிவம் 5 படிக்கும் என் அக்கா மகள் இன்னொன்றைக் கேட்டாள். "மாமா, சூட்டை அளக்க உதவும் சின்ன உறுப்பு தெர்மிஸ்டர், அது சூடானால் தடை குறையும் என்று பாடத்தில் இருக்கிறது. ரெண்டிலும் போவது அதே எலக்ட்ரான்தானே? அங்கே கூடுகிறது, இங்கே ஏன் குறைகிறது?" என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோதனைக்கூடம் (சுங்கை பட்டாணி), ஞாயிறு இரவு

வயர்மேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதே நிம்மதி. நான் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் எடுப்பவன். உங்கள் முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

ரீல் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வைத்துக்கொள்வோம். போக 50 மீட்டர், வர 50 மீட்டர், ஆக 100 மீட்டர் கம்பி. செம்பின் தடைமை 20 டிகிரியில் 1.72 மைக்ரோ ஓம்-சென்டிமீட்டர். இதிலிருந்து வரும் தடை 1.15 ஓம், இழைக் கம்பியில் கொஞ்சம் கூடும், 1.2 என்று எடுத்துக்கொள்கிறேன். பாய்லரின் தடை 230 வோல்ட்டில் சுமார் 21.2 ஓம். இரண்டும் தொடராக நிற்கின்றன. மொத்தம் 22.4 ஓம், மின்னோட்டம் 10.3 ஆம்பியர். கம்பியில் வீணாகும் வெப்பம் 127 வாட்.

இப்போது கம்பி 70 டிகிரிக்குப் போகிறது. செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 விழுக்காடு தடை கூடும். 50 டிகிரிக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு. 1.2 ஓம் 1.44 ஆகிறது. மொத்தத் தடை? 22.4 இருந்தது 22.6. அவ்வளவுதான். மின்னோட்டம் 10.3-இல் இருந்து 10.2-க்கு இறங்குகிறது, அதாவது ஒரே ஒரு விழுக்காடு. ஆனால் கம்பிக்குள் பிறக்கும் வெப்பம் 127-இல் இருந்து 149 வாட்டுக்கு ஏறுகிறது. மின்னோட்டம் எவ்வளவு என்று தீர்மானிப்பது பாய்லர், கம்பி இல்லை. அதனால் கம்பியின் தடை கூடக் கூட அதற்குத்தான் கேடு.

விரித்துப் போட்டிருந்தால் இந்த 127 வாட் 50 மீட்டரில் பரவி, மீட்டருக்கு இரண்டரை வாட்தான். காற்றே ஆற்றிவிடும். நீங்கள் விட்ட 40 மீட்டரும் ஒரு பிஸ்கட் டின் அளவுக்குள் சுருண்டு கிடந்தது. உள்சுற்றுக்கு வெளிச்சுற்றே கம்பளி போர்த்தியது மாதிரி. பிவிசி உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். நல்ல ரீலில் விரித்த நிலைக்கு ஒரு வாட், சுருட்டிய நிலைக்கு ஒரு வாட் என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும், இரண்டாவது மிகவும் சிறியதாக இருக்கும்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை, மாணவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். மலாய்ப் பாடநூலில் ரிந்தாங்கான், கெரிந்தாங்கான் என்று இரண்டு சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும். முதலாவது மின்தடை. அது அந்தக் குறிப்பிட்ட கம்பிக்கு உரியது, நீளம் கூடினால் கூடும், தடிமன் கூடினால் குறையும். இரண்டாவது தடைமை, பொருளுக்கே உரிய குணம். ஒரு முழம் செம்பும் ஒரு மைல் செம்பும் தடையில் வேறு, தடைமையில் ஒன்று. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் தன்மின்தடை எண் என்று போடுவார்கள்.

பால்மரம் (பாடாங் செராய்), திங்கள் காலை

நான் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, கணக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கம்பித் தடையைக் கண்ணால் பார்த்தவன். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இஞ்சின் ரூமில் இருந்துதான் கரண்ட் வரும். சாயங்காலம் போடுவான், ராத்திரி அணைத்துவிடுவான். இஞ்சினுக்குப் பக்கத்து வீட்டில் பல்பு பளீரென்று எரியும். கடைசி வீடு எங்களுடையது. அங்கே பழுத்த பலாச்சுளை நிறத்தில் ஒரு வெளிச்சம். எல்லா வீட்டிலும் ஒன்றாக இஸ்திரிப் பெட்டி போட்ட நாளில் பல்பின் இழை மட்டும் சிவப்பாகத் தெரியும். அப்பா "கரண்டு நடந்து வருது, களைச்சுப் போச்சு" என்பார். அது இதுதானா?

சோதனைக்கூடம் (சுங்கை பட்டாணி), திங்கள் பகல்

இதேதான் ஐயா. எல்லா வீட்டு மின்னோட்டமும் ஒரே கம்பியில் வருவதால், அந்தக் கம்பியின் தடை ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். கடைசி வீட்டுக்கு மிச்சம்தான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகும்போது மர நிரைகள் எப்படி இருக்கும்?

பால்மரம் (பாடாங் செராய்), திங்கள் மாலை

நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவோம், பழகிய காலுக்கு வெளிச்சமே தேவையில்லை. நிரைக்கு நடுவே ஓடலாம். ஒரு மரம் விழுந்து கிடந்தாலோ, நிரை மாறி ஒரு கன்று முளைத்திருந்தாலோதான் இடறும்.

சோதனைக்கூடம் (சுங்கை பட்டாணி), திங்கள் இரவு

நான் வகுப்பில் சொல்லத் தேடிக்கொண்டிருந்த உவமை இதுதான், நன்றி ஐயா.

செம்புக்குள் அணுக்கள் உங்கள் ரப்பர் நிரை போலவே ஒழுங்காக நிற்கின்றன. எலக்ட்ரான் ஒவ்வொரு அணுவிலும் முட்டி முட்டிப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1900-இல் டிரூட் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் ஏறக்குறைய அப்படித்தான் படம் போட்டார். 1928-இல் ஃபெலிக்ஸ் பிளாக் அலைக் கணக்கை வைத்து வேறு விடை கண்டார். அணுக்கள் அசையாமல், ஒழுங்கு பிசகாமல் நின்றால் எலக்ட்ரான் அலை ஒன்றிலும் முட்டாமல் ஊடே போய்விடும். தடையே இருக்காது. தடை வருவது ஒழுங்கு கெடும் இடத்தில்தான்.

ஒழுங்கு இரண்டு வகையில் கெடும். ஒன்று, சூட்டால் அணுக்கள் தம் இடத்திலேயே அதிர்வது, காற்றில் மரங்கள் எல்லாம் ஆடுவது போல. சூடு கூடினால் ஆட்டம் கூடும், தடையும் கூடும். இன்னொன்று, அந்நிய அணுவும் படிகக் குறையும், ஐயா சொன்ன நிரை மாறிய கன்று. அது சூடானாலும் ஆறினாலும் அங்கேயேதான் இருக்கும். இந்த இரண்டு பங்கும் தனித்தனியாகக் கூட்டிக்கொள்ளும் என்பதை 1860-களிலேயே மத்தீசன் அளந்து சொல்லிவிட்டார்.

அறை வெப்பத்தில் நல்ல செம்பில் ஒரு எலக்ட்ரான் சிதறாமல் போகும் தூரம் சராசரி 40 நானோமீட்டர். அணுவுக்கு அணு கால் நானோமீட்டர் என்றால், நூற்றைம்பது மரங்களைத் தாண்டிய பிறகு ஒரு இடறல்.

பாய்லருக்குள் இருக்கும் நிக்ரோம் இழையைப் பாருங்கள். நிக்கலும் குரோமியமும் கலந்து கிடப்பதால், நிரை இருந்தும் எந்த இடத்தில் எந்த அணு என்ற ஒழுங்கே அங்கே இல்லை, எங்கும் இடறல்தான். தடைமை செம்பைவிட 60 மடங்குக்கு மேல். ஏற்கெனவே அவ்வளவு குழப்பம் இருப்பதால் சூட்டின் ஆட்டம் பெரிதாக ஒன்றும் கூட்டுவதில்லை. செங்கனலாக எரியும்போதும் அதன் தடை சில விழுக்காடுதான் மாறும். அதனால்தான் அடுப்புக்கும் பாய்லருக்கும் அதைப் பிடித்தார்கள்.

சுத்த அறை (கூலிம்), திங்கள் நள்ளிரவு

இரவு ஷிப்ட் இடைவேளையில் எழுதுகிறேன். நானும் பாடாங் செராய்ப் பெண்தான், இப்போது கூலிம் ஹைடெக் பூங்காவில் வேஃபர் வேலை, அதாவது சிப் செய்யும் மெல்லிய சிலிக்கான் வில்லைகளில். அக்கா மகளின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், வயர்மேன் அண்ணே, அவளிடம் காட்டுங்கள்.

உலோகத்தில் ஓடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறாது. ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் உள்ள எல்லா அணுவும் ஆளுக்கு ஒரு எலக்ட்ரானை ஓட விட்டுவிட்டது. சூடாக்கினால் ஆள் கூடுவதில்லை, பாதைதான் கெடுகிறது. அதனால் தடை கூடுகிறது.

தூய சிலிக்கான் என்ற குறைக்கடத்தியில் நிலைமை வேறு. அங்கே எலக்ட்ரான்கள் எல்லாம் அணுக்களுக்கு இடையே பிணைப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்றை விடுவிக்க 1.12 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கு ஓர் அலகு) ஆற்றல் வேண்டும். அறை வெப்பத்தில் அவ்வளவு ஆற்றல் கிடைப்பது மிக மிக அபூர்வம். ஏறத்தாழ 5 லட்சம் கோடி அணுவுக்கு ஒரு எலக்ட்ரான்தான் விடுபட்டுத் திரிகிறது. அதனால் தூய சிலிக்கானின் தடைமை செம்பைப் போல பத்தாயிரம் கோடி மடங்குக்கு மேல். சூடாக்கினால் பாதை கெடத்தான் செய்யும், ஆனால் விடுபடும் எலக்ட்ரான்கள் அதைவிட வேகமாகப் பெருகும். பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பு. பாதை கொஞ்சம் கெட்டாலும் ஆள் இரட்டித்தால் எது ஜெயிக்கும்? அதனால் தடை விழுகிறது.

முதலில் இதைக் கண்டவர் ஃபாரடே, 1833-இல். வெள்ளி சல்பைடைச் சூடாக்கினார், அது உலோகங்களுக்கு நேர் எதிராக நடந்தது. ஏன் என்று ஆலன் வில்சன் 1931-இல் ஆற்றல் பட்டைக் கணக்கோடு (எலக்ட்ரான்கள் எந்தெந்த ஆற்றலில் இருக்கலாம் என்ற கணக்கு) விளக்கும்வரை யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. தொண்ணூற்றெட்டு வருடங்கள்! உங்கள் மருமகள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை அண்ணே.

என் மனதுக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்பரஸ். ஏர்கான் குழாய்ச் செம்பில் 0.04 விழுக்காடு வரை பாஸ்பரஸ் சேர்ப்பார்கள், ஒட்டுப் போட வசதிக்காக. அந்தத் துளி பாஸ்பரஸே செம்பின் கடத்துதிறனை 85 விழுக்காட்டுக்கு இறக்கிவிடுகிறது. அதே பாஸ்பரஸைச் சிலிக்கானில் ஐந்து கோடி அணுவுக்கு ஒன்று என்று போட்டால் தடைமை 2,30,000 ஓம்-சென்டிமீட்டரில் இருந்து ஐந்துக்கும் கீழே விழுகிறது. அங்கே அது இடறும் கன்று. இங்கே ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் ஒரு எலக்ட்ரானைக் கையோடு கொண்டுவந்து விடுகிறது. அந்நிய அணு கெடுக்குமா கொடுக்குமா என்பது அது போய்ச் சேரும் வீட்டைப் பொறுத்தது. முகத்தை மூடி, கையுறை போட்டு, தூசி அண்டாமல் நாங்கள் வேலை செய்வது இந்தக் கணக்கு ஐந்து கோடிக்கு ஒன்று என்ற அளவில் பிசகக் கூடாது என்பதற்காகவும்தான்.

நிபோங் திபால்காரன், செவ்வாய் காலை

நல்ல விளக்கம் தங்கச்சி. ஆக, உலோகம் சூடானால் தடை கூடும், குறைக்கடத்தி சூடானால் தடை குறையும், இதுதானே விதி? தேர்வுக்கு இப்படியே எழுதலாம்தானே?

சுத்த அறை (கூலிம்), செவ்வாய் மாலை

தேர்வுக்கு எழுதலாம் அண்ணே, மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த விதியை அப்படியே நம்பி வேலைக்கு வந்தால் முதல் வாரமே குழம்பும். நானே குழம்பினேன்.

மேலே சொன்னது தூய சிலிக்கானுக்கு. நாங்கள் கையாளும் சிலிக்கான் எல்லாம் பாஸ்பரஸ் மாதிரி ஏதாவது கலந்தது. அறை வெப்பத்திலேயே அந்தப் பாஸ்பரஸ் அணுக்கள் தங்கள் எலக்ட்ரானை ஏறக்குறைய முழுக்கக் கொடுத்துவிட்டன. இனிமேல் சூடாக்கினால் ஆள் கூடுவதற்கு வழியில்லை. பாதைதான் கெடும். ஆகவே கலப்புச் சிலிக்கானும் சாதாரண வெப்பத்தில் செம்பு மாதிரியே நடக்கும், தடை கூடும். லேசாகக் கலந்த சிலிக்கானை 27 டிகிரியில் இருந்து 127 டிகிரிக்குக் கொண்டுபோனால் தடைமை ஏறக்குறைய இரட்டிக்கும். செம்பைவிட மோசம். கலப்பின் அளவைப் பொறுத்து, இன்னும் நன்றாகச் சூடேறிப் போன பிறகுதான் சிலிக்கானின் சொந்த எலக்ட்ரான்கள் பெருகி, தடை சரியத் தொடங்கும்.

தெர்மிஸ்டரில் இருப்பது சிலிக்கானே இல்லை. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் ஆக்சைடுகளைப் பொடியாக்கி, அழுத்தி, சுட்டெடுத்த மண்பாண்டம் மாதிரி ஒரு பொருள். அதில் சூடு கூடக் கூட மின்சாரம் சுலபமாகத் தாவிப் போகும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இது உலோகமா குறைக்கடத்தியா என்பது இல்லை. சூடு இங்கே எதை மாற்றுகிறது, எண்ணிக்கையையா பாதையையா? அதைக் கேட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கூலிமில் 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் நிறுவனம் திறந்த சிலிக்கான் கார்பைடு ஆலையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் பெருமையும் இந்த எண்ணில்தான் இருக்கிறது. சிலிக்கான் கார்பைடில் ஒரு எலக்ட்ரானை விடுவிக்க 3.26 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், சிலிக்கானைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் மின்சாரக் காருக்குள் எவ்வளவு சூடானாலும் வேண்டாத எலக்ட்ரான்கள் கிளம்பிவிடாது.

லயத்து வயர்மேன் (பாடாங் செராய்), புதன் இரவு

எல்லாருக்கும் நன்றி. மருமகள் இதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

சோதனைக்கூடம் சாரின் கணக்கைச் சரிபார்க்கலாம் என்று உருகிய ரீலை எடுத்து, வெட்டுப்படாத முழு நீளத்துக்கும் மல்டிமீட்டர் வைத்தேன். முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டு அளந்தால் 2.4 ஓம் காட்டுகிறது. கணக்குப்படி 1.2. மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் சேர்த்து வைத்தாலே 0.4 காட்டுகிறது, அழுத்திப் பிடித்தால் 0.3. எதை நம்புவது?

சுத்த அறை (கூலிம்), புதன் நள்ளிரவு

முள்ளையும் ஒயரையும் தொடும் இடத்தையும் சேர்த்து அளக்கிறீர்கள் அண்ணே. சின்னத் தடைக்கு அது சரிப்படாது. எங்கள் இடத்தில் வேஃபரை அளக்க நான்கு முள் வைப்போம். வெளி இரண்டு முள்ளில் மின்னோட்டம் விடுவோம், உள் இரண்டில் வோல்ட் மட்டும் பார்ப்போம். வோல்ட்மீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே இழுக்காது, அதனால் உள்முள் தொடும் இடத்தில் எவ்வளவு தடை இருந்தாலும் வோல்ட் குறைந்து காட்டாது.

வீட்டிலேயே செய்யலாம். கார் பேட்டரி, 21 வாட் பிரேக் லைட் பல்பு, கேபிள், மூன்றையும் தொடராகக் கட்டுங்கள். கேபிளை விரித்துப் போடுங்கள். ஒரு மீட்டரை ஆம்பியரில் வைத்துத் தொடரில் சேருங்கள். இன்னொரு மீட்டரால் கேபிளின் இரு முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள், முறுக்கிய இடத்துக்கு உள்பக்கமாக, கம்பியின் மேலேயே. மெயின் கரண்டில் இதைச் செய்யவே கூடாது, பேட்டரியில் மட்டும்.

லயத்து வயர்மேன் (பாடாங் செராய்), வியாழன் இரவு

செய்துவிட்டேன். மாலை ஐந்து மணி, சுமார் 30 டிகிரி. ரீலை வாசலில் இருந்து கொய்யா மரம் வரை போட்டு, திரும்பக் கொண்டுவந்தேன். மின்னோட்டம் 1.52 ஆம்பியர். கேபிளில் விழுந்த வோல்ட் 2.96. வகுத்தால் 1.95 ஓம். முள்ளை அழுத்தினாலும் லேசாகத் தொட்டாலும் 2.96 அசையவே இல்லை.

ஆனால் 1.95? நல்ல செம்பு என்றால் 30 டிகிரியில் 1.25 வர வேண்டும். சந்தேகம் வந்து ஓர் இழையை உருவி, பிளேடால் மேலே சுரண்டினேன். மேலே செம்பு நிறம், நகக்கண் அளவு சுரண்டியதும் உள்ளே வெள்ளை! அலுமினிய இழை, மேலே செம்புப் பூச்சு. பிறகு கடையில் இருந்த என் பழைய 1.5 கேபிளில் ஒரு மீட்டரும் இதில் ஒரு மீட்டரும் கையில் பிடித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாலும் வித்தியாசம் தெரிகிறது, இது பஞ்சு மாதிரி. மேலே 1.5 என்றுதான் அச்சிட்டிருக்கிறது. மலிவு என்று வாங்கினேன். தூக்கும்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சோதனைக்கூடம் (சுங்கை பட்டாணி), வியாழன் இரவு

அருமையான அளவீடு. அலுமினியத்தின் தடைமை சுமார் 2.8 மைக்ரோ ஓம்-சென்டிமீட்டர், செம்பைவிட 1.6 மடங்கு. மேலே செம்புப் பூச்சு இருப்பதால் மொத்தத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே வரும். 1.95-ஐ 1.25-ஆல் வகுத்தால் 1.56. பொருந்துகிறது. என் கணக்கை இந்த எண்ணோடு மறுபடி போட்டேன்: தொடங்கும்போதே 193 வாட், 70 டிகிரியில் 216. ஏறக்குறைய பாதியளவு கூடுதல் சூடு அந்த டின்னுக்குள்.

அலுமினியத்தின் மேல் பழி போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே மின்கம்பத்தில் தொங்கும் கம்பி பெரும்பாலும் அலுமினியம்தான். ஒரே தடைக்கு அலுமினியக் கம்பி தடிமனாக வேண்டும், ஆனால் எடை செம்பில் பாதிதான். கம்பத்துக்கு அது லாபம். தடிமனைக் கூட்டாமல் செம்பு வேடம் போட்டு விற்பதுதான் தப்பு. இணைப்புகளிலும் கவனம் வேண்டும், அலுமினியத்தின் மேல் உடனே படியும் ஆக்சைடு மின்சாரம் கடத்தாது. திருகு தளர்ந்தால் அந்த இடம் தனியாகச் சூடாகும்.

நிபோங் திபால்காரன், வெள்ளி காலை

நான்கு முள் விஷயம் எனக்கு எங்கோ கேட்டதாக இருக்கிறது. இடிதாங்கிக்கு எர்த் போட வந்தவர்கள் எங்கள் பள்ளித் திடலில் நான்கு இரும்புக் கம்பியை வரிசையாக அடித்து எதையோ அளந்தார்கள். அதுவா?

சுத்த அறை (கூலிம்), வெள்ளி மாலை

அதுவேதான்! மண்ணுக்குத்தான் அது முதலில் வந்தது. ஃபிராங்க் வென்னர் 1915-இல் நிலத்தின் தடைமையை அளக்க எழுதிய முறை. 1954-இல் வால்டெஸ் அதை ஜெர்மானியம் என்ற குறைக்கடத்திக்கு ஏற்றபடி எழுதினார். உங்கள் திடலில் நான்கு கம்பிக்கு இடையே சில மீட்டர் இருந்திருக்கும், எங்கள் கருவியில் நான்கு ஊசிக்கு இடையே ஒரு மில்லிமீட்டர். கணக்கு ஒன்றே. ஊசி இடைவெளியைவிடப் பொருள் மிகவும் ஆழமாக இருந்தால், இடைவெளியை அளந்த தடையால் பெருக்கி, அதை 6.28-ஆல் பெருக்கினால் தடைமை. வேஃபர் மேல் படிந்த மெல்லிய படலத்துக்கு வேறு எண், 4.53.

எனக்கு இது பெரிய மகிழ்ச்சியாக இருக்கிறது. அப்பா தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர். அந்த மண்ணை அளக்கும் அதே முறையில் நான் சிலிக்கானை அளக்கிறேன்.

லயத்து வயர்மேன் (பாடாங் செராய்), வெள்ளி இரவு

மண் என்றதும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மண்ணில் மின்சாரத்தைக் கடத்துவது ஈரமும் அதில் கரைந்த உப்பும். ஈரக் களிமண்ணில் 100 ஓம்-மீட்டர் என்று வைத்தால் ஒன்றரை மீட்டர் எர்த் கம்பி ஒன்றுக்கு ஏறத்தாழ 60 ஓம் வரும். காய்ந்த மணலில் அது பத்து மடங்குக்கும் போகலாம். கோயில் எர்த்தை மழை பெய்த மறுநாள் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், வெயில் காலத்தில் அளங்கள். இரண்டாவது கம்பி அடித்தால் முதல் கம்பியின் நீளத்துக்காவது தள்ளி அடியுங்கள்.

மருமகள், சனி மதியம்

மாமாவின் கணக்கில் எழுதுகிறேன். வணக்கம் சார், வணக்கம் அக்கா, வணக்கம் தாத்தா.

ஹார்ட்வேர் கடைக்குப் பக்கத்து எலக்ட்ரானிக் கடையில் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் வாங்கினோம். மெழுகுப் பையில் சுற்றி நூலால் கட்டி, தண்ணீரில் விட்டேன்.

ஐஸ் தண்ணீர்: 31.6 கிலோ ஓம்.
அறையில், 29 டிகிரி: 8.4 கிலோ ஓம்.
தேநீருக்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், 60 டிகிரி: 2.5 கிலோ ஓம்.

எண் இறங்கும்போது மீட்டர் நிற்கவே இல்லை, கையில் பிடித்தாலே இறங்கியது.

அப்புறம் தாத்தா சொன்ன மாதிரி பழைய குண்டு பல்பு ஒன்று சாமி அறையில் கிடந்தது. 240 வோல்ட், 60 வாட். எரியாதபோது அளந்தால் 70 ஓம். எரியும்போது எவ்வளவு என்று 240-ஐ 240-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தேன், 960 ஓம் வந்தது. கிட்டத்தட்ட 14 மடங்கு! சார், பல்பின் இழை டங்ஸ்டன். அது சூடாகும்போது ஆள் கூடவில்லை, பாதைதான் கெடுகிறது, சரிதானே? அப்படியானால் சுவிட்ச் போட்ட அந்த நொடியில் 70 ஓம்தான் இருக்கும், மின்னோட்டம் 14 மடங்கு போகுமா? பல்பு எப்போதும் சுவிட்ச் போடும்போதே பட்டென்று போவது அதனாலா?

சோதனைக்கூடம் (சுங்கை பட்டாணி), சனி மாலை

சரிதான் அம்மா, இரண்டும் சரி. அந்த 14 மடங்கில் இருந்து இழையின் வெப்பம் 2400 டிகிரி அளவில் இருக்கும் என்றுகூடக் கணக்கிடலாம், தெர்மாமீட்டர் இல்லாமலே. தொடக்க மின்னோட்டம் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும், ஆனால் இழையில் எங்காவது மெலிந்த இடம் இருந்தால் அந்த நேரத்தில்தான் அறும்.

இந்த 70, 960 இரண்டையும் வரைபடத்தாளில் போட்டு வை. திங்கள்கிழமை வகுப்பில் நான் காட்ட வேண்டும்.

லயத்து வயர்மேன் (பாடாங் செராய்), சனி இரவு

புது ரீல் வாங்கிவிட்டேன், கடையிலேயே ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் கோபப்படவில்லை, அவரும் சுரண்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து பேட்டரியும் பல்பும் கட்டி அளந்தேன்: 1.27 ஓம். உருகிய ரீலில் ஒரு முழம் வெட்டி, சுரண்டிய இடம் தெரிகிற மாதிரி கோயில் ஸ்டோரில் பிளக்குக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். கீழே "முழுக்க விரிக்கவும்" என்று மருமகள் கையால் எழுதி ஒட்டியிருக்கிறது.